காலுக்கு லீவு, கிட்னிக்கு ஓவர்டைம்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ட்ரெக்கிங் போகவிருக்கும் ஒரு வாசகர் தன் பயணத் திட்டத்தை அனுப்பிக் கேட்டிருந்தார்: "நாம்சே பஜாரில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் ரெஸ்ட் என்று போட்டிருக்கிறார்கள். நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன், எனக்கு எதுக்கு ரெஸ்ட்? இரண்டு நாள் லாட்ஜ் வாடகை, கைடு கூலி எல்லாம் தண்டம்தானே?"

தண்டமில்லை சார். அந்த ஓய்வு உங்கள் காலுக்குக் கொடுப்பதே இல்லை. உங்கள் தொடை இரும்பாகவே இருந்தாலும், உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் தலைவலி, வாந்தி என்று வருகிற மலைநோய்க்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. சொல்லப்போனால், திடகாத்திரமான ஆட்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

பள்ளிப் பாடத்தைச் சட்டென்று தாண்டிவிடுவோம். மலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் சதவீதம் குறைவதில்லை, அதே 21தான். காற்றழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் உள்ளே வரும் ஆக்சிஜன் குறைகிறது, அவ்வளவுதான். நம்மூர் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். நீங்கள் விமானத்தில் போய் இறங்கப்போகிற லுக்லா அதைவிட உயரம். நாம்சே 3,440 மீட்டர், அங்கே கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமில் பாதி. உயரத்துக்குப் போனால் சிவப்பணு பெருகும் என்று படித்திருப்பீர்கள். பெருகும், ஆனால் அது வாரக்கணக்கில் நடக்கிற வேலை. அப்படியென்றால் ஒரே ஒரு நாள் தங்குவதால் என்ன ஆகிவிடப்போகிறது?

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

கழுத்தில் நாடி பார்ப்போமே, அங்கே தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும். அந்தக் கவையில் ஒரு அரிசி அளவுக்கு 'கரோட்டிட் பாடி' என்று ஒரு சின்ன உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கூச்சல் போடுவது இதுதான். உடனே மூளை மூச்சை வேகமாக, ஆழமாக இழுக்க வைக்கும். ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாக வரும், சரி. ஆனால் கூடவே கார்பன் டை ஆக்சைடும் தேவைக்கு மேல் வெளியே போய்விடும். ரத்தத்தில் கரைந்து அமிலமாக இருக்க வேண்டிய சரக்கு அது. அது குறைந்ததும் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இதைக் கண்காணிக்க வேறொரு காவல் இருக்கிறது. அது "போதும், மூச்சைக் குறை" என்கிறது. ஒரே ஆபீஸில் இரண்டு மேனேஜர், ஒருவர் ஓடு என்கிறார், இன்னொருவர் நில் என்கிறார்.

இந்தச் சண்டையைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்சேயில் முதல் நாள் இரவு பக்கத்துக் கட்டிலைக் கவனியுங்கள். என் நண்பர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு பெரிதாகி, பெரிதாகி, அப்புறம் சின்னதாகி, நின்றேவிட்டது. நான் கம்பளிக்குள்ளிருந்து எண்ண ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது, பத்து... எழுப்பலாமா என்று கையை நீட்டியபோது தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல ஒரு பெரிய மூச்சு. மறுபடி அதே கதை. கார்பன் டை ஆக்சைடு குறைந்ததால் பிரேக், மூச்சு நின்று ஆக்சிஜன் இறங்கியதும் ஆக்சிலரேட்டர். காலையில் கேட்டால் "செம தூக்கம்" என்கிறார் மனுஷன். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

இந்தப் பஞ்சாயத்தைத் தீர்ப்பது சிறுநீரகம். அமிலம் குறைந்ததைச் சரிக்கட்ட, ரத்தத்திலிருக்கும் காரமான பைகார்பனேட்டையும் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டால் கணக்கு நேராகிவிடும், பிரேக் தளரும். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட்டைக் கணக்குப் போட்டால், இட்லிக்குப் போடுகிறோமே அந்தச் சமையல் சோடாவாகச் சொன்னால், ஏறக்குறைய 360 கிராம் வரும். சாதாரண நாளில் இவ்வளவையும் வடித்துவிட்டு, அநேகமாக முழுவதையும் பொறுக்கித் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது! மலையில் அது புதிதாக எதையும் செய்வதில்லை. பொறுக்குவதில் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த அசட்டைதான் வைத்தியம். கூடவே தண்ணீரும் போகும். ஆகவே குளிரில் ராத்திரி மூன்று முறை எழுந்து பாத்ரூமுக்கு ஓடினால் சர்க்கரை வியாதியோ என்று பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஒரே சங்கடம், நுரையீரல் நிமிடத்தில் செய்வதைச் சிறுநீரகம் சாவகாசமாகத்தான் செய்யும். முழுக்க முடிய சில நாட்கள் பிடிக்கும். அந்த அவகாசத்தைக் கொடுக்கத்தான் நாம்சேயில் இரண்டாவது ராத்திரி. 4,410 மீட்டரிலுள்ள டிங்போச்சேயில் கணக்கு மறுபடி தவறும், மறுபடி ஒரு நாள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கு என்கிற விதியின் பின்னால் இதுதான் இருக்கிறது. விதியில் 'தூங்கும் இடம்' என்றுதான் இருக்கிறது, கவனித்தீர்களா? பகலில் நாம்சேயிலிருந்து 3,880 மீட்டர் வரை ஏறி எவரெஸ்டைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து படுக்கலாம், கைடு கட்டாயம் கூட்டிப்போவார்.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கில்லை. ஹாக்கெட் என்கிற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் இதே பாதையிலுள்ள ஃபெரிச்சேயில் 278 மலைநடையர்களைப் பரிசோதித்து, 1976இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு மலைநோய். வேகமாக ஏறியவர்களுக்கும், வழியில் தங்கிப் பழகிய இரவுகள் குறைவாக இருந்தவர்களுக்கும் அது அதிகம். அதற்கு முன்பே, 1969இல், இந்திய ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களை வைத்து எழுதிய கட்டுரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. தலைவலியைக் கேட்டு எழுதிக்கொள்வது, மூச்சை எண்ணுவது, மூத்திரத்தை அளப்பது என்று பளபளப்பே இல்லாத ஆராய்ச்சிகள். இப்போது இதற்கு நிதி கேட்டுப் போனால் "இதில் என்ன புதுமை?" என்றுதான் முதல் கேள்வி வரும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கற்பூரத்துக்கு நிதியே தேவையில்லை, தானாகவே பரவுகிறது. கயிலாயம், லடாக் கிளம்புகிற ஆட்கள் துணியில் முடிந்துகொண்டு போய் முகர்கிறார்கள், ஆக்சிஜன் ஏறுமாம். ஏறாது. மூக்கில் ஜில்லென்று இருக்கும், மூச்சு லேசானது போலத் தோன்றும். சும்மா முகர்ந்தால் பரவாயில்லை, தலைவலியோடு வாந்தியும் வந்த பிறகு அதை நம்பி மேலே ஏறுவதுதான் ஆளைக் கொல்லும். அறிகுறி இருந்தால் மேலே போகாதீர்கள், மோசமானால் உடனே கீழே இறங்குங்கள்.

"அப்போ மாத்திரை?" என்பீர்கள். அசிட்டசோலமைடு, டயமாக்ஸ் என்று விற்பது. அது செய்வதும் இதே வேலைதான், பைகார்பனேட்டைப் பொறுக்க விடாமல் சிறுநீரகத்தைத் தடுத்துச் சீக்கிரம் வெளியே தள்ள வைக்கிறது. டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், விரல் நுனி மரத்து எறும்பு ஊறுவது போல இருக்கும். இன்னொன்றும் உண்டு. அது முடக்குகிற அதே நொதி நாக்கிலும் இருக்கிறது, சோடாவின் சுருக்கென்ற ருசியே அதனால்தான். மாத்திரை போட்டுக்கொண்டு நாம்சேயில், ஊர் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஒரு கோலா வாங்கினேன். வெறும் சர்க்கரைத் தண்ணீர். பழைய சரக்கு என்று கடைக்கார அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்ள, அவர் என் நண்பரிடம் பாட்டிலை நீட்டினார். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்.