மீட்டர் காட்டாத குரோமியம்

ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர் செல்லும் சாலையை ஒட்டிய ஊர்களில், வீட்டுக்குக் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி பொருத்த வரும் மெக்கானிக் முதலில் செய்யும் காரியம், சட்டைப்பையிலிருந்து பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுவது) எடுத்து இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி நனைத்துக் காட்டுவதுதான். "போர் தண்ணி 1500, மெஷின் தண்ணி 80, நீங்களே பாருங்கம்மா" என்பார். அந்த எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால், இப்பகுதியில் அஞ்ச வேண்டிய பொருளைப் பற்றி அவை ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை.

இங்குள்ள நிலத்தடி நீரில் தோல் தொழிலின் தடயங்கள் இரண்டு வகையாகக் கலந்துள்ளன. ஒன்று உப்பு. கெடாமல் இருப்பதற்காக உப்பிடப்பட்டு வரும் தோல்களை டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீருக்குப் போகிறது; பாலாற்றுப் படுகையின் கிணறுகள் பல கரித்துப்போனதற்கு இது முக்கியக் காரணம். மற்றொன்று குரோமியம். தோலைப் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. நிலத்துக்குள் அது கரைந்த நிலையில் நீடிக்காமல் மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் அதனால் விளையும் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு. அந்த உப்பைத் தயாரிப்பதற்கு முந்தைய கட்டத்தில் கிடைக்கும் குரோமேட்டோ ஆறு இணைதிறன் கொண்டது; ஆபத்து அதில்தான். குரோமியத் தாதுவைச் சோடாவுடன் வறுத்துக் குரோமேட்டைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கசடு வெட்டவெளியில் குவிக்கப்பட்டால், ஒவ்வொரு மழையும் அதிலிருந்து கொஞ்சம் குரோமேட்டைக் கரைத்து நிலத்துக்குள் இறக்கும். ராணிப்பேட்டையில் பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கசடு அப்படித்தான் கிடக்கிறது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது இந்தப் பாலாற்றுக்காகத்தான்.

குரோமேட் அயனி, வடிவத்தில் சல்பேட் அயனியை ஒத்திருக்கிறது. உடலின் செல்கள் சல்பேட்டுக்குத் திறக்கும் வாயிலைக் குரோமேட்டுக்கும் திறந்துவிடுகின்றன. உள்ளே சென்றபின் அது மூன்று இணைதிறன் நிலைக்கு மாறும் வினைகளின்போது மரபணுப் பொருள் சேதமடைகிறது. இரைப்பையின் அமிலம் பெருமளவு குரோமேட்டை முன்னதாகவே மாற்றிவிடுவது நமது நல்லகாலம், ஆனால் முழுவதையும் அல்ல. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்தையே அனுமதிக்கிறது. குரோமேட் கலந்த நீர் மஞ்சளாகத் தெரிய வேண்டுமானால் அதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு இருக்க வேண்டும். ஆகவே தெளிந்த நீர் என்பதால் நல்ல நீர் என்று கொள்வதற்கில்லை.

மீட்டருக்கு வருவோம். அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதைக் கரைந்த உப்பின் அளவாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. 1500 மில்லிகிராம் உப்புக்கு நடுவே, அனுமதிக்கப்பட்டதைவிட இருபது மடங்கு குரோமியம் இருந்தாலும் மீட்டரில் ஓரிரு எண்கள்தான் மாறும். நீரின் வெப்பம் சற்று மாறினாலே அவ்வளவு வேறுபாடு வந்துவிடும்.

அப்படியானால் குரோமேட்டை எது நீக்கும்? காய்ச்சினால் நீர் ஆவியாகக் குறைந்து குரோமியம் இன்னும் செறிவாகும். புற ஊதா விளக்கு கிருமிகளைக் கொல்லுமேயன்றி உலோகத்தை ஒன்றும் செய்யாது. தேங்காய்த் தொட்டியைச் சுட்டு, நீராவியால் கிளர்வூட்டித் தயாரிக்கும் கரி அருமையான பொருள். ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு நுண்துளைகளாக ஒளிந்திருக்கிறது. பூச்சிக்கொல்லி, கரைப்பான் போன்றவை அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. மின்னேற்றத்துடன் நீரில் கரைந்திருக்கும் அயனிகளை அது அவ்வாறு நம்பகமாகப் பிடித்து வைப்பதில்லை. இடம் நிரம்பிய கரி எந்த அறிகுறியும் காட்டாது. நீர் வழக்கம்போல் வரும், பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல்.

அயனிகளைத் தடுப்பது ஆர்.ஓ. சவ்வு. உப்பு நீரையும் நன்னீரையும் ஒரு மெல்லிய சவ்வு பிரித்தால் நன்னீர் தானாகவே உப்பு நீரின் பக்கம் நகரும். உப்பு நீரின் மேல் போதிய அழுத்தம் கொடுத்தால் இந்த ஓட்டம் தலைகீழாகி, நீர் மட்டும் சவ்வினூடே வெளியேறும். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் சீனிவாச சௌரிராஜன் என்பவரும், மேற்புறம் மிக மெல்லிய அடர்ந்த படலமும் அடியில் துளைகள் நிறைந்த தாங்கு படலமுமாக ஒரு சவ்வை உருவாக்கிய பின்னரே இது நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. அடர்ந்த படலத்தில் கண்ணால் காணத்தக்க துளை என்று எதுவும் இல்லை. நீர் மூலக்கூறுகள் அதில் கரைந்து நகர்கின்றன. மின்னேற்றமும், தன்னைச் சுற்றி ஒட்டிய நீர் மூலக்கூறுகளின் போர்வையும் கொண்ட குரோமேட் அயனியால் அவ்வாறு எளிதில் நகர முடிவதில்லை.

சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. சவ்விலிருந்து வரும் நீர் 'சப்பென்று இருக்கிறது' என்று வீட்டார் குறைப்பட்டால், மெக்கானிக் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்ற சிறிய திருகைத் திறந்துவிடுவார். சவ்வைத் தொடாத போர் தண்ணீரை, சுத்திகரித்த நீரில் சிறிது கலப்பதே அந்தத் திருகின் வேலை. 1500 டி.டி.எஸ். உள்ள நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குரோமேட் குரோமியம் இருப்பதாகவும், சவ்வு உப்பையும் குரோமேட்டையும் 95 விழுக்காடு தடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வெளிவரும் நீரின் டி.டி.எஸ். 75, குரோமியம் சரியாக 0.05. இப்போது டி.டி.எஸ்.ஸை 200-க்கு உயர்த்த, நூறு லிட்டரில் ஏறக்குறைய ஒன்பது லிட்டர் போர் தண்ணீர் கலக்க வேண்டும். குரோமியம் 0.13-க்கு மேல், அதாவது அனுமதித்த அளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறிவிடும். மீட்டரோ 200 என்ற அழகான எண்ணைக் காட்டும். மாசு கலந்த ஊரில் இந்தத் திருகை முழுவதுமாக மூடி வைப்பதே முறை. ருசி வேண்டுமானால் கலக்காமல் தாது சேர்க்கும் குப்பிகள் தனியே கிடைக்கின்றன.

பெரிய அளவில் குரோமேட்டை நீக்கும் நிலையங்களில் வழி வேறு. நாட்டு மருந்துக்கடைகளில் அன்னபேதி என்று விற்கப்படும் இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால், இரும்பு தன் மின்துகளைக் கொடுத்துக் குரோமேட்டை மூன்று இணைதிறன் நிலைக்கு இறக்குகிறது. கார அமிலத் தன்மையைச் சீராக்கியதும் அது இரும்போடு சேர்ந்து வண்டலாகப் படிய, வடிகட்டிப் பிரிக்கலாம். அடுப்படியில் பானையில் செய்து பார்க்கும் வேலையன்று இது: அளவு தவறினால் இரும்பு மிஞ்சும் அல்லது குரோமேட் மிஞ்சும், வண்டலையும் கொட்டுவதற்கு இடம் வேண்டும்.

கொட்டுவதைப் பற்றிய கேள்வி ஆர்.ஓ. கருவிக்கும் உண்டு. வீட்டுக் கருவிகள் பல, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டரைக் கழிக்கின்றன. நீக்கப்பட்ட குரோமியம் அழிவதில்லை. அந்தக் கழிவு நீரில் முன்னைவிடச் செறிவாக இருக்கிறது. தரை கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கும், கிணற்றடி உறிஞ்சுகுழிக்கும் விடக்கூடாது.

தன் வீட்டு நீரில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்புபவர், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு ஒன்றல்ல, இரண்டு புட்டிகள் கொண்டு செல்ல வேண்டும்: ஒன்று போர் குழாயிலிருந்து, மற்றொன்று கருவியின் குழாயிலிருந்து. 'டி.டி.எஸ். பாருங்கள்' என்று கேட்காமல், குரோமியம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அமிலமாக்கிய நீரில் டைபினைல் கார்பசைடு என்ற கரைசலைச் சேர்த்தால், ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும் நீர் சில நிமிடங்களில் ஊதா கலந்த சிவப்பாக மாறும். அந்த நிறத்தின் ஆழத்தைக் கருவியில் வைத்து அளந்தே அளவைக் கண்டறிகிறார்கள்.