கல்லீரலில் டிபி வந்தவருக்கும் அரசு உதவி உண்டு: எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

என் சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வீட்டில் முதலில் கீழாநெல்லியைத்தான் தேடினோம். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்தது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். நான்கே மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஸ்கேனில் பித்தநாளத்தை ஒட்டிக் கட்டி மாதிரி ஒன்று தெரிந்ததும், புற்றுநோய்தான் என்று நாங்களே முடிவுகட்டி அழ ஆரம்பித்துவிட்டோம். பயாப்சி (சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவு வந்து பார்த்தால் காசநோய்.

நிம்மதியில் அடுத்ததைக் கேட்கத் தோன்றவில்லை. மருத்துவமனையில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இரண்டு மாதம் கடையில் காசு கொடுத்து வாங்கினோம். இருமல் உள்ளவர்கள்தான் டிபி ஆபீசுக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தோம். அது தவறு. அரசின் காசநோய்த் திட்டத்தில் நுரையீரல் டிபிக்குக் கிடைக்கும் இலவச மருந்து, பரிசோதனை, மாதாந்திர உதவித்தொகை எல்லாமே கல்லீரல், பித்தநாளம், குடல், நெறிக்கட்டி, முதுகெலும்பு என எங்கே டிபி வந்தவருக்கும் உண்டு. சளியில் கிருமி தெரிய வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கிருமி எதிலும் பிடிபடாமல், மருத்துவர் அறிகுறியையும் ஸ்கேனையும் வைத்து டிபி என்று தீர்மானித்துச் சிகிச்சை தொடங்கியிருந்தாலும் போதும்.

காசநோய்க் கிருமி பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கு வருகிறது. குடலில் டிபி இருந்தால் அங்கிருந்தும் வரும். கல்லீரல் வீங்கி, வலது விலாவுக்குக் கீழே வலி இருக்கும். பித்தநாளம் சுருங்கினாலோ, பக்கத்தில் நெறி கட்டி அழுத்தினாலோ பித்தம் இறங்காமல் காமாலை வரும். அப்போது எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைக்க வேண்டியிருக்கலாம். பித்தம் இறங்கினாலும் கிருமி அப்படியே இருக்கும், மாத்திரை கட்டாயம் வேண்டும்.

கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுக்கும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். எடுத்த சதையை வழக்கமாக ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் போடுவார்கள். நுண்ணோக்கியில் பார்க்க அது சரி. ஆனால் ஃபார்மலினில் கிருமி செத்துப்போகும், கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, முடியாது. அதனால் “ஒரு துண்டை சலைனில் போட்டு டிபி பரிசோதனைக்கு அனுப்புவீர்களா, டாக்டர்?” என்று முன்கூட்டியே கேளுங்கள். சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் பார்த்தால் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அரசுத் திட்டத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. ஊசி குத்திய பிறகு கேட்டால் குப்பி ஏற்கெனவே மூடியிருக்கும்.

அடுத்தது பதிவு. காசநோயாளியைக் கண்டறியும் மருத்துவர், தனியாராக இருந்தாலும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிவானதும் ஒரு நிக்ஷய் எண் கிடைக்கும். எல்லா உதவிக்கும் அந்த எண்தான் சாவி. கல்லீரல் டிபியில் இங்கேதான் கோட்டை விடுகிறோம். நோயாளி இருப்பது குடல் கல்லீரல் பிரிவிலோ அறுவைச் சிகிச்சைப் பிரிவிலோ, டிபி பிரிவு இருப்பது வேறொரு கட்டடத்தில். ஃபைல் தானாக நடந்து போகாது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே “நிக்ஷய் எண் போட்டாயிற்றா?” என்று கேளுங்கள். போடவில்லை என்றால் பயாப்சி முடிவு, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆதார், பாஸ்புக் நகல் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனையின் டிபி பிரிவுக்கோ போங்கள். தனியார் மருத்துவரிடமே சிகிச்சையைத் தொடர விரும்பினாலும் அரசு மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம். குழப்பம் இருந்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

பணத்துக்கு வருவோம். நிக்ஷய் போஷன் யோஜனா என்ற பெயரில், சத்தான சாப்பாட்டுக்காக, சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். 2018 ஏப்ரலில் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் 1 முதல் இரட்டிப்பானது. ஆறு மாதச் சிகிச்சைக்கு இரண்டு தவணை: தொடக்கத்தில் 3,000, சிகிச்சை 84 நாள் முடிந்ததும் 3,000. கல்லீரல் டிபிக்கு மருத்துவர் ஆறு மாதத்துக்கு மேலும் நீட்டிப்பது உண்டு. அப்போது கூடுதல் மாதங்களுக்கும் மாதம் 1,000 சேரும். நீட்டித்ததை நிக்ஷயில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றாவிட்டால் பணமும் வராது. சொந்தக் கணக்கு இல்லையென்றால் ரத்த உறவினர் கணக்கை ஒப்புதல் எழுதிக் கொடுத்துப் பயன்படுத்தலாம். பணம் நின்றுபோனால் முதலில் பாருங்கள், ஆதாரோடு கணக்கு இணைந்திருக்கிறதா என்று. பல நேரம் சிக்கல் அதில்தான் இருக்கும்.

மிகவும் மெலிந்தவர்களுக்கு (பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 18.5-க்குக் கீழே) முதல் இரண்டு மாதம் ஊட்டச்சத்து மாவு தனியாக உண்டு. நிக்ஷய் மித்ரா என்ற ஏற்பாட்டில் தன்னார்வலர்கள் தரும் உணவுப் பொட்டலமும் கிடைக்கலாம், அதற்கு நோயாளி சம்மதம் தர வேண்டும். சர்க்கரை, எச்ஐவி பரிசோதனைகளை எல்லாக் காசநோயாளிக்கும் இலவசமாகச் செய்வார்கள், தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

இனி மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று மருந்து. எடைக்கு ஏற்ற எண்ணிக்கையில் தினமும். இதற்காக மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை உலகத்துக்கு ஆதாரத்தோடு காட்டியதே 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான். அதுதான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனால் கல்லீரல் நோயாளிக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அதனால் சிகிச்சைக்கு முன்பே ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை செய்து வைக்க வேண்டும். பின்னால் அளவு ஏறினால் நோயாலா, மாத்திரையாலா என்று பிரித்துச் சொல்ல அதுதான் உதவும். கல்லீரல் என்சைம் இயல்பின் உச்ச அளவைப்போல ஐந்து மடங்கைத் தாண்டினாலோ, வாந்தி, காமாலை போன்ற தொல்லையோடு மூன்று மடங்கைத் தாண்டினாலோ, மருத்துவர் மாத்திரையை நிறுத்தி, அளவு இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். கூட்டு மாத்திரை ஒத்துவராதவர்களுக்குத் தனித்தனி மருந்தாகவும் திட்டத்தில் தருகிறார்கள், கடையில் வாங்கச் சொன்னால் டிபி பிரிவில் கேட்டுப் பாருங்கள். சாராயம் ஒரு சொட்டும் கூடாது. காமாலைக்கு நாட்டு மருந்து சேர்த்துக்கொள்வதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாங்களும் ஒரு வாரம் மறைத்தோம், செய்திருக்கக் கூடாது.

மாத்திரை தொடங்கிய மறுநாள் சித்தப்பா சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பதறிப்போய் மாத்திரை டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டார். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. காமாலையா என்று பார்க்க, பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். வெள்ளை மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல், குமட்டலும் இருந்தால் அன்றே மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒட்டிக்கொள்ளுமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கல்லீரலில் மட்டும் இருக்கும் டிபி இருமலில் பரவாது, தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் தேவையில்லை. நுரையீரலிலும் இருக்கிறதா என்று ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்தும் இதே திட்டத்தில் இலவசமாகத் தருவார்கள்.