ஃபீட்: ஓடையா, ஊட்டமா, தீனியா?

நாமக்கல் பக்கம் போய் ‘ஃபீட்’ என்று சொல்லிப் பாருங்கள். கோழித் தீவனம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் அரைத்து மூட்டையாக வருமே, அதற்கு அங்கே அதுதான் பெயர்; அரைக்கிற ஆலை ஃபீட் மில். சொல்லின் பழைய பொருளை வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் சமாச்சாரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டியது மிகப் பின்னால்.

ஆங்கிலத்தில் ஃபூட், ஃபீட் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் உணவு ‘ஃபோடா’. உணவு கொடுப்பது ‘ஃபேடன்’. உள்ளே இருக்கும் உயிரொலியைக் கொஞ்சம் மாற்றினால் பெயர் வினையாகிவிடும். ப்ளட் என்றால் இரத்தம், ப்ளீட் என்றால் இரத்தம் வடிதல் என்பதும் இதே அச்சில் வார்த்ததுதான்.

நம்மிடமும் இப்படி ஒரு அச்சு உண்டு. காண் – காட்டு. உண் – ஊட்டு. தானே உண்டால் உண். உண்ணச் செய்தால் ஊட்டு. ஆக, ஃபீட் என்ற வினைக்கு நேர்ச்சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. ‘ஊட்டு’ பொருளிலும் பொருந்துகிறது, பிறந்த விதத்திலும் பொருந்துகிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டும்போது அசைவது ஊட்டுபவரின் கை. உண்பவருக்கு வாயைத் திறப்பது மட்டும்தான் வேலை.

உயிருள்ளவற்றிலிருந்து இந்தச் சொல் இயந்திரத்துக்குத் தாவியது. அச்சுப்பொறிக்குத் தாள் தருவது ஃபீட். கிரிக்கெட் மைதானத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி நிலையத்துக்கு வரும் படமும் ஃபீட். இணையத்துக்கு வந்த கதைதான் நமக்கு முக்கியம்.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். என்று ஒரு வடிவத்தை வெளியிட்டது. (நம் ஊரில் இந்த மூன்றெழுத்தைச் சொன்னால் வேறொன்று நினைவுக்கு வரும், அது இல்லை.) அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குகா. மூன்றெழுத்துக்கு விரிவு மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. கடைசியில் நிலைத்தது ‘ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்’. பெயருக்கேற்ப அது மிக எளிய ஏற்பாடு. ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்தாலும் தலைப்பு, சுட்டி, வெளியான நேரம், சிறு சுருக்கம் ஆகியவை ஒரு கோப்பில் சேரும். உங்கள் வாசிப்புச் செயலி அவ்வப்போது அந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, புதியதை எடுத்து வரும். எந்தத் தளம் வேண்டும் என்பதை நீங்கள் சொல்கிறீர்கள். எதை மேலே வைப்பது என்று இடையில் யாரும் முடிவு செய்வதில்லை.

தமிழ் வலைப்பதிவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஓடை’, ‘செய்தியோடை’. பல ஓடைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுவது ‘திரட்டி’. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் அப்படி ஒரு திரட்டி. அகராதியை மட்டும் பார்த்தால் ஓடை பிழையான மொழிபெயர்ப்பு. ஃபீடுக்கும் நீருக்கும் உறவே கிடையாது. ஆனால் அந்த ஏற்பாட்டின் குணத்தைச் சரியாகப் பிடித்த சொல் அது. ஓடு என்பதிலிருந்து ஓடை. அது தன்பாட்டுக்கு ஓடும். வேண்டியவர் போய் மொண்டுகொள்ளலாம். (சங்கப் பாடல்களில் யானையின் நெற்றிப்பட்டத்துக்கும் ஓடை என்று பெயர். அது வேறு கதை.)

அப்புறம் 2006 செப்டம்பர் 5 அன்று ஃபேஸ்புக் தன் ‘நியூஸ் ஃபீட்’டைத் திறந்தது. யார் என்ன செய்தார்கள் என்பது ஒவ்வொருவர் பக்கமாகப் போய்த் தேடாமலே வந்து கொட்டியது. அதைப் பயன்படுத்திய மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் எதிர்ப்புக் காட்டியும் அது நிலைத்துவிட்டது. போகப்போக, யாருக்கு எதை முதலில் காட்டுவது என்பதை நிரல் முடிவு செய்யத் தொடங்கியது. 2022-இல் அந்த நிறுவனமே பெயரிலிருந்து ‘நியூஸ்’ என்பதைக் கழற்றிவிட்டு, வெறும் ‘ஃபீட்’ என்று வைத்துக்கொண்டது. சொல் சுற்றிச் சுற்றி நாமக்கல்லுக்கே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

ஓடைக்கும் இந்த ஃபீடுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளங்கிக்கொண்டது என் அக்கா மகளிடம். வங்கியில் வேலை, பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறாள். “மாமா, ரிசர்வ் வங்கி சர்க்குலர் என்ன வந்திருக்குன்னு பார்க்கத்தான் போனை எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆச்சு, யாரோ பலாக்கொட்டை வறுக்கிறதைப் பார்த்துட்டு இருக்கேன்” என்றாள். ரிசர்வ் வங்கி தன் தளத்தில் செய்திக் குறிப்புகளுக்கு ஒன்று, அறிவிக்கைகளுக்கு ஒன்று என்று தனித்தனி ஓடைகள் வைத்திருக்கிறது. அந்த இரண்டையும் ஒரு வாசிப்புச் செயலியில் சேர்த்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு: “நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணுமே வரலையே, கெட்டுப் போச்சா?”

கெடவில்லை. ரிசர்வ் வங்கி எதையும் வெளியிடவில்லை, அதனால் வரவில்லை. ஓடை என்றால் சில நாள் வறண்டுதான் கிடக்கும். வற்றாமல் வந்துகொண்டே இருப்பது ஊட்டுகிற ஃபீட்.

தொழிலுக்காகப் படிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஓடைகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் ஒரு தேடலையே ஓடையாக மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பகால நீரிழிவு என்று தேடி அதை ஓடையாக்கிவிட்டால், அந்தப் பொருளில் புதிய கட்டுரை சேரும்போது தானாக வந்து நிற்கும். ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஆர்க்கைவ் தளத்தில் இயற்பியல், கணிதம் என்று துறைவாரியாக உண்டு. யூடியூப் அலைவரிசை ஒவ்வொன்றுக்கும்கூட உள்ளே ஓர் ஓடை இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, சமூக ஊடக ஃபீடுக்கு என்ன சொல்வது? ‘ஊட்டம்’ என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். இலக்கணப்படி பழுதில்லை, ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. தமிழில் ஊட்டம் பாராட்டுச் சொல். ஊட்டமான பிள்ளை, ஊட்டச்சத்து என்கிறோம். பலாக்கொட்டை வீடியோவுக்கு அவ்வளவு மரியாதை வேண்டுமா? வினையாக வைத்துக்கொண்டால் ஊட்டு நேர்மையான சொல்தான்: நினைவூட்டு, அறிவூட்டு என்பதோடு சினமூட்டு, வெறியூட்டு என்பதும் இருக்கிறதே. அந்தத் திரையில் நாலும் நடக்கிறது. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் ‘தீனி’ பொருந்தும். தின் என்பதிலிருந்து வந்தது. நல்லது கிடைத்தால் அறிவுக்குத் தீனி. இல்லாவிட்டால் நொறுக்குத் தீனி. தன் துறையில் கைதேர்ந்த பத்துப் பேரை மட்டும் ஒரு பட்டியலில் போட்டு வாசிப்பவருக்கு அதே ஊடகத்தில் முதல் வகை கிடைக்கத்தான் செய்கிறது. ‘செவிக்குணவு இல்லாத போழ்து’ என்று தொடங்கும் 412-ஆம் குறள் கேள்வி அதிகாரத்தில் இருக்கிறது. கேட்டு அறிவதைச் சாப்பாடாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல.

ஆசைக்கு இன்னொரு சொல்லும் பார்த்து வைத்திருந்தேன்: மடை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாயும் மடை, தெய்வத்துக்குப் படைக்கும் சோறும் மடை. கோயிலில் மடைப்பள்ளி என்பது அதனால்தான். ஓடுவதும் உண்பதும் ஒரே சொல்லில். போதாக்குறைக்கு, மடையைத் திறப்பதும் அடைப்பதும் நம் கையில். ‘செய்திமடை’ என்று அக்கா மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

“செய்திமடல்தானே மாமா? மெயில்ல வருமே, அதுவா?”

ஓடையே இருக்கட்டும்.