படத்தில் இருப்பவர் மேயர் இல்லை

இந்த வாரமும் ஒரு பதிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாட்டு வரிகளை ஒற்றைத் தாளில் அடித்துத் தெருவில் விற்பார்களே, அப்படி ஒரு லண்டன் தெருப்பாட்டுத் தாளின் ஸ்கேன். தலைப்பில் தொப்பியும் தொந்தியுமாக ஓர் உருவம். “பாட்டில் கேலிக்கு ஆளாகும் மேயர் இவர்தான்” என்று விளக்கம். போதும் சாமி.

அது மேயர் இல்லை. குறிப்பாக யாரும் இல்லை. லண்டனின் செவன் டயல்ஸ் பகுதியில் 1813 முதல் அச்சகம் நடத்திய ஜேம்ஸ் காட்னாக் போன்றவர்கள் அரைப் பென்னிக்கும் ஒரு பென்னிக்கும் விற்ற தாள்கள் இவை. அந்த விலையில் பாட்டுக்குப் பாட்டு படத்துக்கென்று புது மரக்கட்டை செதுக்கினால் கட்டுப்படியாகுமா? பெட்டியில் கிடக்கும் பழைய கட்டைகளில் அளவு பொருந்துவதை எடுத்து, அச்செழுத்துகளோடு சட்டகத்தில் முடுக்கி அடித்துவிடுவார்கள். இன்று தூக்குக் கைதியாக இருந்தவர் நாளை காதலன், மறுநாள் நகராண்மைப் பெரியவர். படத்தில் முகத்தைத் தேடாதீர்கள், விரிசலைத் தேடுங்கள். ஒரே கட்டை இரண்டு தாள்களில் இருந்து, ஒன்றில் விரிசல் நீண்டோ பூச்சித் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகக் கூடியோ இருந்தால் அதுதான் பிந்திய அச்சு. (இந்தத் தாள்களை ஆராயும் எங்களுக்குப் படத்தால் உள்ள பெரிய பயன் இதுதான்.)

அச்சான காலம் தெரிய வேண்டுமா, தாளின் அடிவரியைப் படியுங்கள். 1799-இல் வந்த பிரிட்டிஷ் சட்டப்படி அச்சடித்தவர் பெயரும் முகவரியும் தாளில் இருக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் பிரதிக்கு 20 பவுண்டு அபராதம். இன்னோர் அச்சகக்காரரான ஜான் பிட்ஸின் பெயருடன் கிரேட் செயின்ட் ஆண்ட்ரூ தெரு 14 என்றிருந்தால் 1819-க்கு முன், 6 என்றிருந்தால் அதற்குப் பின். அடிவரி இல்லாததால் மட்டும் ‘ரகசிய அச்சு’ என்று குதிக்க வேண்டாம். இரண்டு பாட்டை ஒரே தாளில் அடித்து நறுக்கியவை பல, கத்தரியில் போயிருக்கும்.

பாட்டில் வரும் சம்பவம் அச்சின் ஆண்டு ஆகாது. லண்டனில் புதிய போலீஸ் வந்தது 1829-இல். பழைய இரவுக் காவலர்களைக் கிண்டலடிக்கும் பாட்டை அதற்குப் பிறகும் மறுபடி அச்சடிக்கத் தடையில்லை. ஆனால் லண்டனுக்கு வெளியே ஓர் ஊரில் வரி கட்டுவோர் ஓட்டுப் போட்டு நகரசபையைத் தேர்ந்தெடுப்பதாக வந்தால், அந்த முறையைப் பரவலாக்கிய 1835 நகராண்மைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; தாள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

இசைக்குறி இருக்காது, மெட்டின் பெயர் மட்டும் இருக்கும். அதைத் தேடிப் பாடிப் பாருங்கள். கம்பீரமான மெட்டில் சாக்கடை வரியைப் பாடும்போதுதான் நக்கல் புரியும்.

தாளில் சொன்னதெல்லாம் உண்மை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரூரி லேன் பக்கத்து இறைச்சிக்கடைக்காரரின் சாசேஜில் மனித உடல் கலந்ததாக அச்சடித்த காட்னாக், 1818-இல் அவதூறுக்காக ஆறு மாதம் சிறையில் இருந்தார்.

அசல் தாள் கையில் இருந்தால் ஒரு வேண்டுகோள்: லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம். கந்தல் துணிக் கூழில் செய்த காகிதம் இருநூறு ஆண்டு தாங்கியிருக்கிறது. சூடும் பசையும்தான் அதைக் கெடுக்கும். கழுவித் துடைத்த கையால் எடுத்து, பிவிசி அல்லாத பாலியெஸ்டர் உறையில் மடிக்காமல் வையுங்கள்.