கோபுரம் இல்லாத ஓடுபாதையில் யார் முதலில்?

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பவை 500 சொச்சம்தான். மற்ற இடங்களில் "நீ இறங்கு, நீ பொறு" என்று சொல்ல மேலே ஆளே கிடையாது.

அப்புறம் எப்படி இறங்குகிறார்கள்? ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து வானத்தில் ஒரு செவ்வகம் இருப்பதாக எல்லா விமானிகளும் நினைத்துக்கொள்கிறார்கள். உயரம் பெரும்பாலும் தரையிலிருந்து 1,000 அடி. இறங்குவது காற்றை எதிர்த்து என்பதால், எதிரே உள்ள நீளப் பக்கத்தில் காற்று முதுகில் தள்ளும்; அதற்கு 'டவுன்விண்ட்' என்று பெயர். அங்கிருந்து ஒரு திருப்பம் 'பேஸ்', இன்னொரு திருப்பம் 'ஃபைனல்', நேரே ஓடுபாதை. வேறு அறிவிப்பு இல்லாவிட்டால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான். தலைமை விமானி உட்காருவது இடது இருக்கையில்; ஓடுபாதை அவர் ஜன்னலோரமே தெரியும்.

ஒவ்வொரு திருப்பத்தையும் ரேடியோவில் சொல்வது வழக்கம். 122.8 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஓர் அலைவரிசையைப் பல ஊர்கள் பங்கு போட்டுக்கொள்வதால், ஊர்ப் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு முறை சொல்ல வேண்டும். திருப்பத்தில் சொல்வதில் இன்னொரு லாபம்: சாய்ந்து திரும்பும் விமானம் இறக்கையை அகலமாகக் காட்டும், கண்ணில் சட்டென்று படும்.

ரேடியோவை மட்டும் நம்ப முடியாது. இப்படிப்பட்ட பல நிலையங்களில் ரேடியோவே கட்டாயமில்லை. இறக்கை கூரைபோல் மேலே இருக்கும் விமானத்துக்குத் தலைக்கு மேல் தெரியாது. இறக்கை காலடியில் இருக்கும் விமானத்துக்குக் கீழே தெரியாது. முன்னது கீழேயும் பின்னது அதற்கு நேர் மேலேயும் ஃபைனலில் வந்தால், இருவருமே வானம் காலி என்றுதான் நினைப்பார்கள்.

இறங்க வரும் இருவரில் தாழ்வாக இருப்பவருக்கே முன்னுரிமை என்கிறது அமெரிக்க விதி. அதே விதி, அதைச் சாக்கிட்டு முன்னால் புகுந்து வெட்டாதே என்றும் சொல்கிறது. நாகரிகத்தையே சட்டமாக எழுதிய இடம் இது என்பேன். எழுதாத நாகரிகமும் நிறைய உண்டு. முன்னால் மெதுவான பயிற்சி விமானம் போனால், பின்னால் வருபவர் டவுன்விண்டைக் கொஞ்சம் நீட்டி இடம் விடுவார். செவ்வகத்தைச் சுற்றாமல் தூரத்திலிருந்து நேரே ஃபைனலுக்கு வருவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் மூன்று பேர் சுற்றிக்கொண்டிருக்கும்போது அப்படி வருபவரை யாருக்கும் பிடிக்காது.

தரையிலும் இதே கதைதான். எஞ்சின் சோதனையை ஓடுபாதைக்கு வெளியே முடித்துவிட வேண்டும், அதுவும் புரொப்பெல்லர் காற்று பின்னால் நிற்பவர் மேல் அடிக்காதபடி திரும்பி நின்று. இறங்கியவர் சீக்கிரம் ஒதுங்கி, "ஓடுபாதை காலி" என்று ரேடியோவில் சொல்லிவிட வேண்டும். 60 நாட், அதாவது மணிக்கு 60 கடல் மைல் வேகத்தில் வருபவருக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரே நிமிடம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறார்.