நடமாடும் தலைமைத்துவப் பயிற்சியா, உசாத்துணையா?

நிறுவனத் தலைவர்களை அவர்களுடைய அலுவலகத்திலேயே சந்தித்து, தனியாக உட்கார்ந்து பேசும் ‘கோச்சிங்’ என் நண்பரின் தொழில். அவருடைய விளம்பரத் தாளைச் சென்ற மாதம் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் தமிழர் ஒருவர் படித்துவிட்டு, “எத்தனை பேருக்கு வகுப்பு? வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?” என்று கேட்டாராம். தாளில் இருந்த தமிழாக்கம் ‘நடமாடும் தலைமைத்துவப் பயிற்சி’. கேட்டவர்மேல் பிழையில்லை. இந்தத் தொடரைக் கருத்தரங்கு மேடைகளிலும் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

‘கோச்சிங்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? கோச் என்பது ஹங்கேரியில் வண்டி செய்வதற்குப் பெயர்பெற்ற ஓர் ஊர். ஊர்ப்பெயர் குதிரை வண்டிக்கு ஆனது. கோலாலம்பூருக்கு நாம் ஏறிப்போகும் பேருந்தும் அந்தக் கோச்தான். 1830களில் ஆக்ஸ்ஃபர்டு மாணவர்கள், தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை அப்படி அழைத்தார்கள். பிறகுதான் அந்தச் சொல் விளையாட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்தது.

இனி அந்தத் தமிழாக்கம். நடமாடும் நூலகம் என்றால் நூலகமே பேருந்தில் இருக்கிறது. நம் சிங்கப்பூர் நூலகப் பேருந்து ‘மோலி’ அப்படித்தான் பள்ளிகளுக்குப் போகிறது. இங்கே நடமாடுவது எது? ஒரு மனிதர் ராஃபிள்ஸ் பிளேசுக்கு ரயிலில் போகிறார், அவ்வளவுதான். அடுத்தது ‘தலைமைத்துவம்’. தலை என்பதோடு ‘மை’ சேர்ந்தபோதே பண்புப்பெயர் முடிந்துவிட்டது. அதன்மேல் வடமொழித் ‘துவம்’ எதற்கு? பெருமைத்துவம், இளமைத்துவம் என்று யாராவது சொல்கிறோமா?

இவற்றைக்கூடப் பொறுக்கலாம். ‘பயிற்சி’யைப் பொறுக்க முடியாது. பயிற்றுபவர் தமக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொடுப்பவர். நண்பர் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. தலைவர் கூட்டம் நடத்துவதை மூலையில் இருந்து கவனிக்கிறார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேள்வி கேட்கிறார். விடையைத் தலைவரே தேடிக் கண்டடைய வேண்டும். பணியிடத்திற்குப் போவதே தலைவர் இயல்பாக நடந்துகொள்வதைப் பார்க்கத்தான். ‘ஆலோசகர்’ என்றாலும் பொருந்தாது. ஆலோசகர் விடையோடு வருபவர்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? உசாவுதல் என்றால் கேட்டல், கலந்து ஆராய்தல். அப்படிக் கலந்து ஆராய உடன் இருப்பவர் உசாத்துணை. ‘துணை’ என்ற பகுதியை வள்ளுவரும் இதே இடத்தில் வைக்கிறார்: அரசனைக் கண்டித்துச் சொல்பவர்கள் ‘இடிக்குந் துணையார்’. தலைவனுக்குமேல் நிற்கும் வாத்தியார்கள் அல்லர், பக்கத்தில் நிற்பவர்கள். உசாத்துணை என்றால் மேற்கோள் நூல்தானே என்பார்கள். நூலையும் உசாவுகிறோம், ஆளையும் உசாவுகிறோம், பொருள் ஒன்றுதான்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் ஆங்கிலத் தொடரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சொற்பட்டியலில் விடை தேடுகிறார்கள். அந்த வேலையைச் செய்பவர் காலையில் எங்கே போகிறார், யாரிடம் என்ன கேட்கிறார் என்று ஒருமுறை விசாரித்திருந்தால் போதும். நண்பரின் புதிய தாளில் ‘பணியிட உசாத்துணை’ என்று அச்சாகிறது, அடியில் ஒரே வரி விளக்கம்: “உங்கள் அலுவலகத்திற்கு வந்து, உங்களோடு தனியே பேசுவேன்.”