இயேசூஸ்: சொல் விளக்கம்

யோசுவாவும் இயேசுவும் வேறு வேறு பெயர்கள் என்றுதான் தமிழ் வேதாகமம் படிப்பவர்கள் நினைப்பார்கள். கிரேக்க வேதத்தில் இரண்டும் ஒன்றே: இயேசூஸ்.

மூலம் எபிரேயத்தின் 'யெகோசுவா'. 'யாவே மீட்கிறார்' என்பது பொருள்; யாவே என்பது எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர். பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் எழுந்த எஸ்றா, நெகேமியா நூல்களில் இது 'யேசுவா' என்று சுருங்கியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா யூதர்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியபோது இந்தக் குறுகிய வடிவம்தான் கைகொடுத்தது. எபிரேயத்தில் இதன் நடு ஒலி 'ஷ'. கிரேக்கத்தில் அது கிடையாது, 'ஸ' ஆயிற்று. கடைசியில் வரும் தொண்டை ஒலிக்கும் அங்கே எழுத்து இல்லை, விழுந்துவிட்டது. அப்புறம் ஈற்றில் ஒரு 'ஸ்' ஒட்டியது. அது பெயரின் பகுதியே அல்ல, பெயர் எழுவாயாக வரும்போது ஒட்டும் முதல் வேற்றுமை உருபு. 'இயேசுவின்' என்று சொல்லும்போது கிரேக்கத்தில் 'இயேசூ' என்றே வரும், 'ஸ்' இருக்காது. எல்லாப் பெயருக்கும் இப்படி உருபு ஒட்டவில்லை. ஆபிரகாம், தாவீது எல்லாம் உருபேற்காமல் அப்படியே நின்றன.

எண்ணாகமம் 13:16இல் மோசே, நூனின் மகன் ஓசேயாவுக்கு யோசுவா என்று பெயரிடுகிறார். கிரேக்கப் பாடத்தில் 'அவுசே' (ஓசேயாவின் கிரேக்க வடிவம்), 'இயேசூஸ்' ஆகிறார். யோசுவாவின் நூலுக்கே அங்கே 'இயேசூஸ்' என்றுதான் தலைப்பு.

குழப்பம் புதிய ஏற்பாட்டில், எபிரெயர் 4:8இல் வருகிறது. மக்களுக்கு இளைப்பாறுதல் தராமல் போனவர் யார்? கிரேக்க மூலத்தில் 'இயேசூஸ்' என்றுதான் இருக்கிறது. பேச்சோ கானான் நாட்டுக்குள் மக்களை நடத்திப்போன யோசுவாவைப் பற்றியது. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே இயேசு என்றே போட்டுவிட்டது. தமிழில் யோசுவா என்று இருக்கிறது, அதுதான் சரி.

தமிழில் நேர்ச்சொல் வேண்டுமென்றால்? பொருளுக்கு 'மீட்பர்' பொருந்தும். கத்தோலிக்கர் பழைய வழக்கில் பவுல் என்ற பெயரின் 'சிறியவன்' என்ற பொருளை எடுத்துச் சின்னப்பர் என்றார்கள், யோவானை அருளப்பர் என்றார்கள். அழகான ஆக்கங்கள். ஆனால் இயேசுவின் பெயரைப் பொதுவாக அப்படிப் பொருள்பெயர்க்கவில்லை. ஒலியை ஒட்டிச் சேசு, ஏசு, இயேசு என்றே அழைத்தார்கள். மத்தேயு 1:21, 'அவருக்கு இயேசு என்று பேரிடுவாயாக' என்று சொல்லிவிட்டு, 'ஏனெனில்' என்று காரணமும் சொல்கிறது: அவர் தம் மக்களைப் பாவங்களிலிருந்து இரட்சிப்பார். எபிரேயம் தெரிந்த காதுக்கு அந்தக் காரணம் பெயரிலேயே கேட்கும். கிரேக்கத்தில் கேட்காது, தமிழிலும் கேட்காது. அந்த வசனத்தின் கீழே ஓர் அடிக்குறிப்பு அவசியம்.